மறைந்த ஓவிய நண்பரைப் பற்றி எழுதுவதும், அவர் விட்டுப்போன படங்களும்

நீங்கள் கேட்டிருப்பதை முதலில் என் வார்த்தையில் சொல்லிக்கொள்கிறேன். ஓவியப் பள்ளியில் உங்களோடு நெடுங்காலம் சேர்ந்து வேலை பார்த்த நண்பர் காலமாகிவிட்டார். நினைவு மலருக்கு ஐந்து பக்கம் கேட்கிறார்கள். எழுத உட்கார்ந்தால் ‘ஈடு செய்ய முடியாத இழப்பு’, ‘பழக இனியவர்’ என்பதற்கு மேல் ஒரு வரி நகரவில்லை. கடைசிக் காலத்தில் அவருக்கு இருந்த குடியைச் சொல்லலாமா கூடாதா என்ற குழப்பம் வேறு. இவ்வளவும் சொல்லிவிட்டு, போகிற போக்கில் ஒன்று கேட்டிருக்கிறீர்கள்: கையெழுத்துப் போடாமல் கிடக்கிற படங்களில் “நீங்களே அப்பா கையெழுத்தைப் போட்டுக் கொடுத்துடுங்க அங்கிள், உங்களுக்குத்தான் அவர் கை தெரியும்” என்று அவர் மகள் சொல்கிறாள், போடலாமா? எனக்கு இந்தக் கடைசி வரிதான் பெரிதாகப் படுகிறது. கட்டுரை, குடி, கையெழுத்து மூன்றிலும் நீங்கள் கேட்பது ஒரே விஷயத்தைத்தான்: இல்லாமல் போனவர் சார்பில் நண்பன் எதுவரை போகலாம்?

சென்னையில் கலைக்கூடங்களுக்குக் கண்காட்சிப் பட்டியல் எழுதுவதும், மறைந்த ஓவியர்களின் வீட்டுக்குப் போய்ப் படங்களைக் கணக்கெடுப்பதும் என் பிழைப்பு. அதனால் நினைவு மலர்களை நான் வாசிக்கிற விதம் வேறு. ஒரு படம் எந்த வருடத்தது, எங்கே வைத்து வரையப்பட்டது, அதில் இருக்கிற பெண்மணி யார் என்று தெரியாமல் தவிக்கும்போதுதான் பழைய மலர்களைத் தேடி எடுப்பேன். அப்போது ‘தூரிகையின் வேந்தர்’ என்று ஒருவர் மூன்று பக்கம் எழுதியிருந்தால் எரிச்சல்தான் வரும். பக்கத்திலேயே இன்னொருவர், ‘அந்த வருடம் கல்லூரி ஸ்டோரில் நல்ல தாள் வரவில்லை, பிரஸ்ஸில் மிஞ்சிய பழுப்புத் தாளைத்தான் எல்லோரும் வாங்கினோம்’ என்று ஒரு வரி எழுதியிருப்பார். அந்த ஒரு வரியை வைத்துத் தேதியில்லாத ஒரு கட்டுப் படங்களையே வரிசைப்படுத்திவிடலாம். அவருடைய கலை உயர்ந்ததா என்று மதிப்பிட, நாளைக்கு விமர்சகர்கள் வருவார்கள். அவர்களுக்கு நீங்கள் தேவையில்லை. பக்கத்து மேசையில் உட்கார்ந்து நீங்கள் பார்த்ததை எழுத வேறு யாரும் வரப்போவதில்லை. எந்தக் கையால் பென்சில் சீவினார், மாணவர் படத்தில் கை வைத்துத் திருத்துவாரா, தள்ளி நின்று வாயால் சொல்வாரா, ஒரு படம் முடிந்துவிட்டது என்று எப்படி முடிவு செய்வார், எந்தப் படத்தைக் கிழித்தார், ஏன்? இவற்றில் ஐந்தாறுக்குப் பதில் எழுதினாலே பக்கம் நிரம்பிவிடும்.

ஆனால் கண்ணால் பார்த்தவர் எழுதினால் அது உண்மையாகத்தான் இருக்கும் என்றும் இல்லை. இதற்கு எங்கள் துறையில் எல்லோரும் அறிந்த இரண்டு சாட்சிகள் உண்டு. வின்சென்ட் வான்கோ 1890 ஜூலை 29 அன்று இறந்தார், மறுநாள் அடக்கம். பாரிஸிலிருந்து ரயிலேறி வந்த இளம் ஓவிய நண்பர் எமில் பெர்னார், சில நாட்களுக்குள் விமர்சகர் அல்பேர் ஓரியேவுக்கு ஒரு கடிதம் எழுதினார். பெட்டி வைத்திருந்த அறையின் சுவர்களில் கடைசிக் காலப் படங்கள் மாட்டியிருந்தன, பெட்டிமேல் வெள்ளைத் துணி, சுற்றிலும் சூரியகாந்தியும் டேலியாவுமாக மஞ்சள் பூக்கள், முன்னால் தரையில் அவருடைய ஓவியத் தாங்கி, மடக்கு நாற்காலி, தூரிகைகள். வெயிலில் மேட்டில் ஏறிப் போனதையும், அவருக்கு வைத்தியம் பார்த்த டாக்டர் கஷே பேச வாயெடுத்து அழுகையில் தடுமாறியதையும் எழுதியிருக்கிறார். அந்தச் சாவைப் பற்றி இன்றைக்கு யார் எழுதினாலும் இந்தக் கடிதத்துக்கு வந்துதான் ஆக வேண்டும்.

அடுத்தவர் ஓவியர் பால் கோகன். 1888 அக்டோபர் இறுதியில் தெற்கு பிரான்சில் உள்ள ஆர்ல் ஊருக்கு வந்து, வான்கோவோடு இரண்டு மாதம் ஒரே வீட்டில் இருந்தவர். அவரைவிட நெருங்கிய சாட்சி கிடையாது. அந்த நாட்களைப் பற்றி 1903-இல், பசிபிக் கடலில் உள்ள மார்க்கெசாஸ் தீவில், தன் கடைசிக் காலத்தில் எழுதுகிறார். வான்கோ திறந்த சவரக்கத்தியோடு தன் பின்னால் பாய்ந்து வந்தார் என்கிறார். ஆனால் வான்கோ தன் காதை அறுத்துக்கொண்ட அந்தச் சம்பவம் நடந்த கையோடு பாரிஸ் திரும்பிய கோகன் சொல்லக் கேட்டு, 1889 ஜனவரி முதல் நாள் பெர்னார் எழுதிய கடிதத்தில் அந்தக் கத்திப் பாய்ச்சல் இல்லை. பதினான்கு வருடத்தில் கத்தி வந்து சேர்ந்திருக்கிறது. இன்னொன்று, தான் வந்து வழிகாட்டிய பிறகுதான் வான்கோவுக்கு அந்த மஞ்சள்மேல் மஞ்சளான சூரியகாந்திகள் கைவந்தன என்ற தொனியிலும் எழுதியிருக்கிறார். மஞ்சள்மேல் மஞ்சளான அந்தச் சூரியகாந்திப் படம் ஆர்லில் 1888 ஆகஸ்டிலேயே வரையப்பட்டுவிட்டது. கோகன் அப்போது ஊரிலேயே இல்லை. இதில் எது உறுதி, எது சந்தேகம் என்று பிரித்தே சொல்ல வேண்டும். சூரியகாந்தி விஷயத்தில் தேதி தெளிவாகக் கோகனுக்கு எதிராக இருக்கிறது. கத்தி விஷயம் அப்படியில்லை. ஆரம்பத்தில் சொல்லக் கூசி, பிறகு சொல்லியிருக்கவும் கூடும். சந்தேகம் வலுவானது, தீர்ப்பு சொல்ல முடியாது.

ஆகவே இப்போதே எழுதுங்கள். மலருக்குத் தேவையோ இல்லையோ, ஞாபகம் இருப்பதையெல்லாம் ஒரு நோட்டில் இந்த மாதமே எழுதி, எழுதிய தேதியையும் போட்டுவையுங்கள். எழுதும்போது மூன்றாகப் பிரித்துக்கொள்ளுங்கள்: நானே பார்த்தது, அவர் வாயால் சொல்லக் கேட்டது, பிறர் அவரைப் பற்றிச் சொன்னது. வாக்கியத்திலேயே இது தெரிய வேண்டும். ‘கும்பகோணத்தில் படித்தபோது பட்டினி கிடந்தார்’ என்பதும், ‘பட்டினி கிடந்ததாக என்னிடம் சொல்லியிருக்கிறார்’ என்பதும் எனக்கு வேறு வேறு ஆவணங்கள். ஓவியர்கள் தங்கள் இளமையைப் பற்றிக் கதை கட்டுவதில் சினிமாக்காரர்களுக்குக் குறைந்தவர்கள் இல்லை. பிறகு, ‘நான்தான் அவரிடம் சொன்னேன்’ என்று தொடங்குகிற வாக்கியங்களை எழுதி முடித்தபின் தனியாக எண்ணிப் பாருங்கள். அஞ்சலிக் கட்டுரையில் எழுதுகிறவர் மெல்ல மெல்லக் கதாநாயகன் ஆகிவிடுவது நம் ஊரில் புதிதல்ல.

குடியைப் பற்றி. இதில் விதி என்று எதுவும் என்னிடம் இல்லை, என் அபிப்பிராயம் மட்டும் உண்டு. அது அவர் வேலைக்குள் வந்திருந்தால் எழுதுங்கள். வராவிட்டால் அது குடும்பத்தின் விஷயம். கை நடுங்க ஆரம்பித்ததால் பேனாவை விட்டுச் சார்கோலுக்குப் போனார் என்றால், அதைச் சொல்லாமல் கடைசிப் படங்களைப் புரிந்துகொள்ளவே முடியாது. அப்போதும் நடுக்கத்தைச் சொன்னால் போதும், அதற்கான காரணத்தைச் சொல்வதா என்பதை மகளிடம் கேட்டுவிட்டு முடிவு செய்யலாம். எழுதியதை அச்சுக்குப் போகும் முன் அவளுக்குக் காட்டுங்கள். ஆனால் ‘கெட்ட பழக்கம் எதுவும் அறியாதவர்’ என்று மட்டும் எழுதிவிடாதீர்கள். சொல்லாமல் விடுவது நாகரிகம், இல்லை என்று சாதிப்பது பொய். அவரை அறிந்த மாணவர்கள் அந்த ஒரு வரியில் சிரித்துவிட்டால் மீதி ஐந்து பக்கத்தையும் நம்ப மாட்டார்கள்.

மறுபக்கமும் உண்டு. சென்னைக்குப் பக்கத்தில் ஓவியர்கள் சேர்ந்து அமைத்த சோழமண்டலம் கிராமத்தில் வாழ்ந்து 1973-இல் இளம் வயதிலேயே இறந்துபோன ஓவியர் கே. ராமானுஜத்தைப் பற்றிப் பேச்செடுத்தால், மனநோயும் அவர் போன விதமுமே முதலில் வருகின்றன. பேனா மையில் அவர் நெருக்கமாக இழைத்த அந்தக் கனவு மாளிகைகளும், விசித்திர மிருகங்களும், தொப்பி வைத்த அந்த ஆளும் அப்புறம்தான் வருகிறார்கள். அவரை நேசித்தவர்களே பரிவோடு சொல்லிச் சொல்லி அப்படி ஆகிவிட்டது. ஒரு மனிதருடைய துன்பம் சொல்வதற்கு எளிது, கேட்பவருக்கும் உடனே புரியும். அவர் இழுத்த கோடுகளைப் பற்றிச் சொல்வது கஷ்டம். உங்கள் ஐந்து பக்கத்தில் குடி எத்தனை வரி, கோடு எத்தனை வரி என்று பாருங்கள்.

மலரை விட்டுவிட்டு இன்னொன்று சொல்ல வேண்டும். கலைஞர்களை அவர்களுடைய நண்பர்கள் உண்மையில் நினைவுகூர்ந்த இடங்களைப் பார்த்தால், கட்டுரை அதில் ஒரு சிறு பகுதிதான். பெண் ஓவியர் பெர்த் மொரிசோ 1895 மார்ச் 2 அன்று 54 வயதில் பாரிஸில் இறந்தார். இம்ப்ரெஷனிஸ்டுகள் என்ற பிரெஞ்சு ஓவியர் குழுவின் முதல் கண்காட்சியிலிருந்து அவர்களோடு நின்றவர். இறப்புச் சான்றிதழில் தொழில் என்ற இடத்தில் ‘எதுவுமில்லை’ என்று பதிவாயிற்று. பாஸி கல்லறையில் அவர் பெயரை ‘எழேன் மானேயின் விதவை’ என்றுதான் பொறித்திருக்கிறார்கள். அரசாங்கத் தாளும் கல்லும் அப்படிச் சொல்ல, நண்பர்கள் வேறு வழியில் பதில் சொன்னார்கள். அடுத்த வருடம், 1896 மார்ச்சில், பாரிஸின் துய்ரான்-ருயெல் கலைக்கூடத்தில் அவருடைய 300-க்கும் மேற்பட்ட படைப்புகளைத் திரட்டிக் கண்காட்சி வைத்தார்கள். பட்டியலுக்கு முன்னுரை எழுதியவர் கவிஞர் மல்லார்மே. சுவரில் மாட்டிய வேலையாட்கள் யார் தெரியுமா? தெகா, மோனே, ரெனுவார், கூடவே பெற்றோர் இருவரையும் இழந்து நின்ற பதினேழு வயது மகள் ஜூலி. அந்தப் பெண் நாட்குறிப்பு எழுதும் பழக்கம் உள்ளவள் என்பதால் நமக்கு எல்லாம் தெரிகிறது. ஓவியங்கள் இருந்த பெரிய அறையின் நடுவே ஒரு தடுப்பை நிறுத்தி அதில் கோட்டோவியங்களை மாட்ட வேண்டும் என்று தெகா பிடிவாதம் பிடித்தார். தடுப்பு வைத்தால் தள்ளி நின்று பார்க்க இடமிருக்காது என்று மற்றவர்கள். மல்லார்மே சமாதானம் பேசிப் பார்த்தார், தெகா கோபித்துக்கொண்டு கிளம்பிவிட்டார். வருகிறவர்கள் என்ன பார்ப்பார்கள் என்பதைப் பற்றித் தெகாவுக்குக் கவலையே இல்லை. இது நமக்காக நாம் வைக்கிற கண்காட்சி என்பது அவர் கட்சி.

எனக்குப் பிடித்த அஞ்சலி இந்தச் சண்டைதான். செத்தவருக்குக் கோட்டோவியம் முக்கியமா வண்ணம் முக்கியமா என்று மூன்று பெரிய ஓவியர்கள் அறையின் நடுவில் நின்று கத்திக்கொள்வதைவிட ஒரு கலைஞருக்கு வேறென்ன மரியாதை வேண்டும்?

ரெனுவாருக்கு இது முதல் முறையும் இல்லை. 1894-இல் இறந்த குஸ்தாவ் கய்போத், நண்பர்களிடமிருந்து தான் வாங்கிச் சேர்த்த படங்களையெல்லாம் அரசுக்கு எழுதிவைத்து, உயிலை நிறைவேற்றும் பொறுப்பை ரெனுவாரிடம் கொடுத்திருந்தார். பரணிலும் போடக்கூடாது, வெளியூர் அருங்காட்சியகத்துக்கும் அனுப்பக்கூடாது என்று நிபந்தனை. அதிகாரிகளோடு இழுபறி நடந்து, ஒரு பகுதியை மட்டும் அரசு ஏற்றது. இந்தக் கதை பலருக்கும் தெரியும். நான் சொல்ல வந்தது வேறு. கய்போத் தானும் ஓர் ஓவியர், ஆனால் உயிலில் தன் படம் ஒன்றைக்கூடச் சேர்க்கவில்லை. மரத்தரையை இழைக்கும் தொழிலாளர்களை அவர் 1875-இல் வரைந்த அந்தப் பெரிய படம் இன்று பாரிஸ் ஒர்சே அருங்காட்சியகத்தில் இருக்கிறதென்றால், அந்த 1894-இலேயே வாரிசுகள் அதை அரசுக்குக் கொடுக்க ரெனுவார் நடுவில் நின்றதுதான் காரணம். நண்பர் தனக்கென்று கேட்டுக்கொள்ளாததை நண்பன் கேட்டு வாங்கினான். உங்கள் பள்ளிச் சுவரில் அவர் படம் ஒன்று நிரந்தரமாக மாட்டப்படுமா என்று நிர்வாகத்திடம் கேட்டீர்களா? மலர் வெளியிடும் சூட்டோடு கேட்டால் கிடைக்கும், ஒரு வருடம் கழித்தால் கிடைக்காது.

இனி கையெழுத்து. போடாதீர்கள். ஒரு படத்தில்கூட வேண்டாம், மகள் எழுதிக் கொடுத்தாலும் வேண்டாம். படம் அவருடையதாகவே இருக்கலாம், உங்கள் நோக்கமும் நல்லதாக இருக்கலாம். ஆனால் அந்தக் கையெழுத்து பொய். அதைக் காட்டி விற்றால் சட்டப்படி மோசடிக்குப் போகும். அதைவிட, இறந்த பிறகு போட்ட கையெழுத்து ஒன்று என்றைக்காவது வெளிப்பட்டால், அவரே போட்ட கையெழுத்துகளும் சேர்ந்து சந்தேகத்துக்கு ஆளாகும். சந்தையில் ஒருமுறை அந்தப் பேச்சு கிளம்பினால் அடங்காது.

இதற்கு நேர்மையான வழி நூறு வருடத்துக்கு முன்பே இருக்கிறது. தெகா 1917-இல் இறந்தபோது அவருடைய பட்டறையில் கையெழுத்தில்லாத வேலைகள் குவிந்து கிடந்தன. 1918, 1919-இல் அவற்றை ஏலம் விட்டபோது, அவர் பெயர் கொண்ட ஒரு முத்திரையைக் குத்தினார்கள். பார்த்ததுமே அது முத்திரை என்று தெரியும். பட்டறையிலிருந்து வந்த படம், அவர் கையால் கையெழுத்திட்டது அல்ல என்ற இரண்டு செய்தியும் அதிலேயே இருக்கிறது. நீங்கள் படத்தின் முகத்தில் குத்த வேண்டாம். அவர் பெயரும் ‘குடும்பச் சேகரிப்பு’ என்ற சொல்லும் வரிசை எண்ணுக்கு இடமுமாக ஒரு ரப்பர் முத்திரை செய்து, கேன்வாஸ் என்றால் பின்பக்க மரச்சட்டத்திலும், தாள் என்றால் அதை வைக்கிற உறையிலும் குத்துங்கள். தாளின் மேலேயே நேராகக் குத்தினால் மை மறுபக்கம் ஊறலாம். தாளின் பின்னால் எண் போட வேண்டுமென்றால் மூலையில் மெல்லிய பென்சில் போதும். பால்பாயிண்ட் பேனாவும் செல்லோடேப்பும் அந்த வீட்டுக்குள்ளேயே வரக்கூடாது.

எண் போடும்போதே ஒவ்வொன்றுக்கும் உயரம், அகலம் (உயரம் முதலில், சென்டிமீட்டரில்), எதில் வரைந்தது, எதன்மேல் வரைந்தது, முன்னும் பின்னும் புகைப்படம், பின்னால் அவர் ஏதாவது கிறுக்கியிருந்தால் அதை எழுத்து மாறாமல் குறித்துக்கொள்ளுங்கள். பால் கணக்கோ, யாரோ ஒருவருடைய போன் நம்பரோ, எதுவானாலும் சரி. தேதி தெரியாவிட்டால் ஊகம் செய்யலாம், ஆனால் ‘சுமார்’ என்று போட்டு, யார் சொன்ன ஊகம் என்பதையும் எழுத வேண்டும். உங்கள் பெயர் அங்கே வரட்டும். அதுதான் நீங்கள் போட வேண்டிய கையெழுத்து.

முடிக்காமல் விட்ட படங்களை ‘அவர் இப்படித்தான் முடித்திருப்பார்’ என்று தொட்டுக் கொடுக்கச் சொல்லியும் கேட்பார்கள். அமெரிக்கச் சிற்பி டேவிட் ஸ்மித் 1965-இல் கார் விபத்தில் இறந்தார். அவருடைய சொத்துக்குப் பொறுப்பாளராக நின்றவர்களில் ஒருவர் விமர்சகர் கிளெமென்ட் கிரீன்பெர்க். ஸ்மித்தை உயரத்தில் தூக்கி வைத்த நீண்டகால நண்பர். அவருக்கு ஸ்மித் சிற்பங்களுக்கு வண்ணம் பூசுவது பிடிக்காது. வெள்ளைப் பூச்சோடு வெளியில் நின்ற சில சிற்பங்களின் பூச்சு நீக்கப்பட்டது. 1974-இல் கலை விமர்சகர் ரோசலிண்ட் கிராவுஸ் இதைப் படங்களோடு வெளிக்கொண்டுவந்தபோது பெரிய ரகளையாயிற்று. அவை வெறும் அடிப்பூச்சு, முடியாத வேலைகள் என்று சொல்லவும் வழியிருந்தது; அந்த வெள்ளையை ஸ்மித் என்னவாக நினைத்திருந்தார் என்பதில் வாதம் இருக்கலாம். ஆனால் தன் சிற்பம் ஒன்றின் சிவப்புப் பூச்சை யாரோ சுரண்டிவிட்டார்கள் என்று 1960-இல் அவரே பத்திரிகைக்குக் கடிதம் எழுதிக் கண்டித்தவர். இது உறுதியாகத் தெரிந்த பிறகு மற்ற வாதத்துக்கெல்லாம் எனக்கு மதிப்பில்லை. கிரீன்பெர்க் எதிரி இல்லை, நண்பர் என்பதுதான் இதில் கவனிக்க வேண்டியது. ‘எனக்குத்தான் அவரைத் தெரியும்’ என்ற நிச்சயம் எதிரிக்கு வராது.

சட்டம் பற்றிச் சுருக்கமாக. நான் வழக்கறிஞன் இல்லை. பாகப் பிரிவினை, உயில், யார் யார் வாரிசு என்பதெல்லாம் ஒரு வழக்கறிஞரைப் பார்த்துத்தான் பேச வேண்டும். எனக்கு வேலையில் அடிக்கடி தேவைப்படுகிற அளவில் சொல்கிறேன்: 1957-ஆம் வருடப் பதிப்புரிமைச் சட்டப்படி, ஓவியத்தின் பதிப்புரிமை ஓவியர் இறந்ததற்கு அடுத்த ஜனவரியிலிருந்து 60 வருடம் இருக்கும். படத்தை விலைக்கு வாங்கியவருக்குப் பதிப்புரிமை தானாகப் போய்விடாது, எழுதிக் கொடுத்திருந்தால்தான் போகும். ஆகவே நண்பர்கள் வீட்டில் இருக்கிற படங்களை மலரில் அச்சிடவும் மகளின், மற்ற வாரிசுகளின் சம்மதக் கடிதம் வாங்கிவிடுங்கள். வேலையின் பகுதியாகப் பள்ளிக்கு வரைந்து கொடுத்தவை இருந்தால் அவற்றின் உரிமை வேறு மாதிரி இருக்கலாம், தனியாகப் பட்டியலிடுங்கள். அவர் பெயரில்லாமல் படத்தைப் போட்டாலோ, சிதைத்துப் போட்டாலோ ஆட்சேபிக்கும் உரிமை வாரிசுக்கும் உண்டு.

படங்கள் இப்போது எங்கே இருக்கின்றன என்று நீங்கள் சொல்லவில்லை. தரையிலோ வெளிச்சுவரை ஒட்டியோ இருந்தால், வேறு எதற்கும் முன்னால் அவற்றை அங்கிருந்து எடுத்துவிடுங்கள். மழைக்காலம் வந்தால் கரையானுக்கும் பூஞ்சைக்கும் நம்முடைய கட்டுரை முடியும்வரை காத்திருக்கப் பொறுமை கிடையாது. பாலிதீன் உறையில் இறுக்கிக் கட்டாதீர்கள், உள்ளே வியர்த்துவிடும். பழைய வேட்டி போதும்.

மலருக்குக் கெடு நெருங்கிவிட்டது என்றால் ஒரு யோசனை: கட்டுரையை ஒத்திவைத்துவிட்டு, ஒரு ஞாயிற்றுக்கிழமை அவர் வீட்டுக்குப் போய் மகளோடு உட்கார்ந்து முதல் முப்பது படங்களுக்கு எண் போடுங்கள். ஒவ்வொரு படத்தையும் எடுக்கும்போது அவள் ஏதாவது கேட்பாள், நீங்கள் பதில் சொல்வீர்கள். அந்தப் பதில்களைப் போனில் பதிவு செய்துகொள்ளுங்கள். ஐந்து பக்கத்துக்கு மேலேயே வரும்; படங்களுக்கான குறிப்பும் அதிலிருந்தே எடுக்கலாம்.